உச்சிக் கிளையில் சிவப்புப் பானை

எங்கள் வீட்டில் தங்கிப் போகிற விருந்தாளிகள் எல்லாரும் பஸ் ஏறும்போது ஒரே பொய்யைத்தான் சொல்வார்கள். என் அண்ணன் கவ்ரிலா பெட்டியைத் தூக்கிக் கொடுத்துவிட்டு, "மறுபடி எப்ப வருவீங்க?" என்று கேட்பான். அவர்களும் கொஞ்சமும் கூசாமல், "அடுத்த வருஷம் கண்டிப்பா வருவோம்" என்பார்கள். தலைநகர் புக்கரெஸ்டிலிருந்து வந்த டாக்டர் குடும்பம், ஜெர்மனியிலிருந்து சைக்கிளிலேயே வந்த இரண்டு பையன்கள், மூன்று நாள் மழையைத் திட்டித் தீர்த்துவிட்டுப் போன டச்சுக்காரத் தம்பதி, எல்லாரும் சொன்னார்கள். எட்டு வருஷத்தில் சொன்ன சொல்படி திரும்பி வந்தவர் ஒரே ஒருவர். அவர் வந்ததையும், அதற்கு என் கூடப் பிறந்தவன் செய்ததையும்தான் சொல்லப்போகிறேன்.

என் பெயர் நஸ்தாசியா. வயது நாற்பத்து மூன்று. எங்கள் ஊர் இஸ்வொரெல், மரமுரேஷ் மலையில் பஸ் திரும்புகிற கடைசி ஊர். ஒரு சர்ச், ஒரு மர அறுவை மில், மூன்று கடை. அப்பா கட்டிய மரவீட்டின் மேல்தளத்தில் மூன்று அறைகளை அண்ணன் பயணிகளுக்கு விட்டிருக்கிறான். வாசல் பலகையில் அவன் பெயர் இருக்கிறது. அடுப்படியில் நான் இருக்கிறேன். பலகையில் பெயர் இருப்பவன் விருந்தாளிகளுக்குப் பிளம் சாராயம் ஊற்றிக் கொடுத்து, கரடி வந்த கதையைச் சொல்வான். கரடியைப் பார்த்தவள் நான். அவன் அன்றைக்குச் சந்தைக்குப் போயிருந்தான்.

வருகிறவர்கள் வாசலில் இறங்கியதும் முதலில் படம் எடுப்பது எங்கள் பானை மரத்தைத்தான். பட்டை உரித்த காய்ந்த மரம், கிளைகளை முழம் முழமாக விட்டு நறுக்கியிருக்கும். ஒவ்வொரு கிளையிலும் ஓர் எனாமல் பானை கவிழ்த்து மாட்டியிருக்கும். நீலம், வெள்ளை, பச்சை எல்லாம் சும்மா காயப் போட்டவை. உச்சிக் கிளையில் இருக்கும் சிவப்புப் பானை மட்டும் சும்மா இல்லை. அந்த வீட்டில் கல்யாணத்துக்கு ஒரு பெண் இருக்கிறாள் என்று அர்த்தம். சொல் கொடுத்து முடிந்த அன்றைக்குப் பெண்ணின் அப்பா ஏறி அதை இறக்குவார், அப்பா இல்லாவிட்டால் அண்ணன். பெண் அதை இறக்கக் கூடாது. பானை இறங்கின வீட்டில் வேறெந்த ஆணும் அந்தப் பெண்ணிடமோ வீட்டாரிடமோ கல்யாணப் பேச்சை எடுக்கவும் கூடாது. எடுத்தால் வீட்டையே அவமானப்படுத்தியதாக ஆகிவிடும்.

இன்றைக்குப் பல வீடுகளில் இதெல்லாம் அலங்காரம்தான். ஐந்து வயதுக் குழந்தை இருக்கிற வீட்டில்கூடச் சிவப்புப் பானை தொங்குகிறது, வெளியூர்க்காரர்கள் படம் எடுக்க வேண்டுமே. எங்கள் வீட்டில் அப்படி இல்லை. எனக்குப் பதினெட்டு முடிந்த அன்று அப்பா தன் கையால் மாட்டினார். அது புதுப் பானைகூட இல்லை. அடியில் ஒரு சின்ன ஓட்டை இருந்தது, அப்பா ஈயத்தை உருக்கி அடைத்திருந்தார். "ஓட்டைப் பானையை மாட்டினா எவன் வருவான்?" என்று அம்மா சண்டை போட்டாள். வந்தவர்களை எல்லாம் திருப்பி அனுப்பியதும் அம்மாதான். ஒருவன் குடிப்பான், ஒருவனுக்கு நிலம் இல்லை. பிறகு அப்பா மரம் வெட்டப் போன இடத்தில் இறந்தார். அண்ணனுக்குக் கல்யாணம் ஆயிற்று, பிள்ளைகள் பிறந்தார்கள், அவர்களை நான் வளர்த்தேன். பிறகு அம்மாவுக்கு ஒரு பக்கம் விழுந்துவிட்டது. ஒன்பது வருஷம் அவளைத் தூக்கி உட்கார வைத்துத் தூக்கிப் படுக்க வைத்தேன். அவள் போய் இரண்டு வருஷம் ஆகிறது.

வருஷா வருஷம் ஈஸ்டருக்கு முன்னால் எல்லாப் பானைகளையும் அண்ணன் இறக்கித் தருவான், நான் சாம்பல் போட்டுத் துலக்கித் திருப்பிக் கொடுப்பேன். இருபத்தைந்து ஈஸ்டர். சிவப்பு வெளுத்துச் செங்கல் நிறமாகிவிட்டது. சர்ச்சுக்குப் போகிற சின்னப் பெண்கள் மேலே பார்த்துச் சிரித்துக்கொண்டு போவார்கள். சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

லிவியு முதல் தடவை வந்தது போன வருஷம் செப்டம்பரில். டான்யூப் கரையில் பிரைலா என்கிற ஊர், தரையில் ஒரு மேடுகூட இல்லாத பக்கம். லிஃப்ட் பழுது பார்க்கிற வேலை. மனைவி இறந்து ஆறு வருஷம். அவருடைய அம்மா எங்களுக்குப் பக்கத்துப் பள்ளத்தாக்கில் பிறந்து சமவெளிக்குக் கட்டிக்கொண்டு போனவள். அம்மா செத்த பிறகுதான் அம்மாவின் ஊரைப் பார்க்க வேண்டும் என்று தோன்றியதாம். அங்கே தங்க இடம் இல்லாததால் எங்கள் வீட்டு இரண்டாம் நம்பர் அறைக்கு வந்து சேர்ந்தார். எங்கள் ஊரில் லிஃப்டே கிடையாதே, இங்கே என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். அதனால்தான் வந்தேன் என்றார்.

முதல் நாள் சாப்பிட்டு முடித்ததும் தன் தட்டைத் தானே எடுத்துக்கொண்டு அடுப்படிக்கு வந்து கழுவினார். எனக்குக் கை கால் ஓடவில்லை. எங்கள் வீட்டு ஆண்கள் அடுப்படிக்குத் தண்ணீர் குடிக்கக்கூட வர மாட்டார்கள், இருந்த இடத்திலிருந்து கூப்பிடுவார்கள். மறுநாள் பல வருஷமாகக் கத்திக்கொண்டிருந்த வெளிக் கதவைக் கழற்றி எண்ணெய் போட்டு மாட்டினார். நான்காம் நாள் நான் காளான் பறிக்கப் போனபோது கூட வரட்டுமா என்று கேட்டார். எங்கள் ஊரில் காளான் முளைக்கிற இடத்தை யாரும் யாருக்கும் காட்ட மாட்டார்கள். கவ்ரிலாவுக்கே என் இடம் தெரியாது. அவரைக் கூட்டிக்கொண்டு போனேன். இப்போது நினைத்தால் நானே என் வாயால் சம்மதம் சொன்னது போலத்தான், ஆனால் சமவெளிக்காரருக்கு அது எப்படித் தெரியும்?

திரும்பி வரும்போது வாசலில் நின்று மரத்தை அண்ணாந்து பார்த்தார்.

"அந்த உச்சிப் பானை யாருக்கு?"

"எனக்குத்தான். வெயில்ல வெளுத்துப் போச்சு, பாத்தீங்கல்ல?"

"சிவப்பு சிவப்புதாங்க," என்றார்.

அவ்வளவுதான் பேச்சு. அதை வைத்துக்கொண்டு நான் ஒரு குளிர்காலம் முழுக்க வாழ்ந்தேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள். ஊருக்குக் கிளம்பிய அன்று அண்ணன் வழக்கமான கேள்வியைக் கேட்டான். "அடுத்த வருஷம், புல்லறுப்புக்கு," என்றார். சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை, மரத்தைப் பார்த்தார். அதைக் கண்டு சந்தோஷப்பட்டேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

குளிர்காலத்தில் கையில் பூவேலை போட்ட வெள்ளைச் சட்டை ஒன்று தைத்தேன். அண்ணி இல்கா, "யாருக்கு இந்தச் சட்டை?" என்று கண்ணைச் சிமிட்டினாள். எனக்கு என்றேன். அண்ணன் தலையைத் தூக்கி ஒரு தடவை பார்த்தான். எனக்குப் பதினொரு வயதில் குடல்வால் வீங்கி நான் துடித்தபோது, பனியில் ஆறு கிலோமீட்டர் என்னை முதுகில் சுமந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தவன் அவன். எனக்கு ஒரு நல்லது நடந்தால் என்னைவிட அவன் அதிகம் சந்தோஷப்படுவான் என்று நம்பியிருந்தேன்.

ஜூலை முதல் வாரத்தில் பெரிய காற்று அடித்தது. மில் கூரையில் பாதி பறந்து ஆற்றில் விழுந்தது. காலையில் வாசலுக்கு வந்தால் உச்சிக் கிளை மொட்டையாக நிற்கிறது. மற்ற பானைகள் எல்லாம் அப்படியே இருந்தன. சிவப்புப் பானை தெருவில் விழுந்து மரலாரிச் சக்கரத்தில் நசுங்கிப் போனதாகவும், தகடாய்க் கிடந்ததை எடுத்துப் பழைய இரும்புக்காரனிடம் போட்டுவிட்டதாகவும் அண்ணன் சொன்னான். முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு சொன்னான். அப்பா மாட்டிய பானையாயிற்றே என்று அவனுக்கு நான் ஆறுதல் சொன்னேன்.

"சிகெத் டவுன் சந்தையில புதுசு ஒன்னு வாங்கி மாட்டிரட்டுமா?" என்று கேட்டான்.

"நாப்பத்து மூணு வயசுல புதுப் பானையா? ஊரே சிரிக்கும். விடுண்ணா."

விடு என்று சொன்னது நான்தான். அதை மறைக்கவில்லை. வருகிறவருக்கு நான் இங்கே இருப்பது தெரியும், பானை எதற்கு என்று நினைத்தேன். அவருடைய அம்மா எந்தப் பள்ளத்தாக்கில் பிறந்தவள், மகனுக்கு என்னென்ன சொல்லி வளர்த்திருப்பாள் என்று நினைக்கவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பக்கத்து வீட்டுப் பாரஸ்கா என் கையைப் பிடித்து, "நல்லது, நல்லது, தாமதமானாலும் நல்லது," என்றாள். அந்த வருஷம் புல் தாமதமாக வளர்ந்து நன்றாக வந்திருந்தது. அதைச் சொல்கிறாள் என்று எண்ணி நானும் தலையாட்டினேன்.

ஜூலை கடைசியில் லிவியு வந்தார். பத்து நாளைக்கு அறை கேட்டிருந்தார். பூவேலைச் சட்டையைப் போட்டுக்கொண்டு வாசலுக்கு ஓடினேன். அவர் வெளிக் கதவுக்கு அந்தப் பக்கம் பையுடன் நின்று மேலே பார்த்துக்கொண்டிருந்தார். நான் போய் நின்றும் கொஞ்ச நேரம் பார்வையை இறக்கவில்லை. பிறகு தொப்பியைக் கழற்றி, "வணக்கம், அம்மணி," என்றார். போன வருஷம் நான் அவருக்கு நஸ்தாசியா.

பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தார். என் கையில் கொடுக்கவில்லை. அண்ணன் கையில் கொடுத்து, வீட்டுக்கு என்றார். பிரித்தால் ஒரு பச்சைத் தலைத்துணி, ஓரத்தில் குஞ்சம் வைத்தது. போன வருஷம் காளான் பறிக்கும்போது எனக்குப் பச்சை பிடிக்கும் என்று சொல்லியிருந்தேன். அண்ணன் அதை இல்காவிடம் நீட்டினான். அவள் அங்கேயே கட்டிக்கொண்டாள்.

புல் அறுக்க எங்களோடு வந்தார். அரிவாளைப் பிடிக்கத் தெரியாமல் தரையைக் கொத்தினார். ஊர் ஆண்கள் கேலி செய்ததற்குச் சிரித்தார். நான் தண்ணீர் கொண்டு போனால் செம்பைக் கீழே வைக்கச் சொல்லி எடுத்துக் குடித்தார். சாப்பாட்டுக்குப் பிறகு தட்டை மேசையிலேயே விட்டுவிட்டு எழுந்து போனார். அந்தத் தட்டை நான்தான் எடுத்துக் கழுவினேன். என்ன தப்பு செய்தேன் என்று யோசித்து யோசித்துப் பார்த்தேன். ஒரு வருஷத்தில் எனக்கு வயது தெரிந்துவிட்டதோ, சட்டை அதிகப்படியாகத் தெரிந்ததோ. மூன்றாம் நாள் காலையில், வேலை வந்துவிட்டது என்று சொல்லிக் கிளம்பிவிட்டார். அண்ணன் பெட்டியைத் தூக்கிக் கொடுத்தான். வழக்கமான கேள்வியை அன்றைக்கு மட்டும் கேட்கவில்லை. அதையாவது நான் கவனித்திருக்கலாம்.

கூடத்தில் விருந்தாளிகள் எழுதிவிட்டுப் போகிற நோட்டு ஒன்று உண்டு. எல்லாரும் சீஸ் பிரமாதம், காற்று பிரமாதம் என்று எழுதுவார்கள். மேசையைத் துடைக்கும்போது திறந்து பார்த்தேன். லிவியு இப்படி எழுதியிருந்தார்: "போன வருஷம் உச்சியில் இருந்தது இந்த வருஷம் இல்லை. அதை இறக்க வைத்தவர் கொடுத்து வைத்தவர். இருவரும் நலமாக இருக்கட்டும். காளான் சூப்புக்கு நன்றி."

துடைக்கிற துணியோடு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். முதலில் சிரிப்புத்தான் வந்தது. ஒரு காற்று அடித்து, ஒரு லாரி ஏறி, ஒரு பெண்ணுக்குக் கல்யாணமாகிவிட்டது என்று ஒரு மனிதன் முடிவு கட்டிக்கொண்டு அறுநூறு கிலோமீட்டர் திரும்பிப் போகிறானே என்று. பிறகு அழுதேன். பிறகு நேராக அண்ணனிடம் போனேன். நானே போன் பண்ணி, எனக்கு இன்னும் ஆகவில்லை, வாருங்கள் என்று சொல்ல முடியுமா? இதையெல்லாம் வீட்டு ஆண்தான் பேச வேண்டும்.

"அண்ணா, அவர் தப்பாப் புரிஞ்சுக்கிட்டார். காத்துல விழுந்துச்சுன்னு நீ ஒரு வார்த்தை சொல்லிடேன்."

அவன் என் முகத்தைப் பார்க்காமல் சரி என்றான். இத்தனை வயதில் நான் அவனிடம் இப்படி ஒன்றைக் கேட்டு நின்றது அதுதான் முதல் தடவை. அன்று சாயங்காலம், அவர் போனை எடுக்கவில்லை என்றான். மறுநாள் மத்தியானம் களி கிளறிக்கொண்டிருந்தபோது வந்து அடுப்படி வாசலில் நின்றான். அவன் அடுப்படிக்கு வந்ததே அதிசயம். பேசிவிட்டதாகவும், அவருடைய மனசு மாறிவிட்டதாகவும், அங்கேயே யாரையோ பார்த்து வைத்திருக்கிறார் போல என்றும் சொன்னான். "விடு நஸ்தா, சமவெளிக்காரன் எப்பவுமே இப்படித்தான்," என்று தோளைத் தட்டிக் கொடுத்தான். தட்டிய கையின் நகக்கண்ணில் எல்லாம் சிவப்புப் பெயிண்ட் ஒட்டியிருந்தது. என்ன என்று கேட்டதற்கு, பனிச்சறுக்கு வண்டிக்கு அடிப்பதாகச் சொன்னான். ஆகஸ்ட் மாதத்தில் பனிச்சறுக்கு வண்டி.

அதற்கு மூன்றாம் நாள் க்ளுஷ் நகரத்திலிருந்து எட்டுப் பேர் வருவதாக இருந்தது. காலையில் அண்ணன் ஏணியை மரத்தில் சாத்திவிட்டு என்னைக் கூப்பிட்டான். வெப்சைட்டில் போட்டிருக்கிற படத்தில் சிவப்புப் பானை இருக்கிறதாம், வருகிறவர்கள் எங்கே என்று கேட்பார்களாம். அதனால் சந்தையில் புதுசு வாங்கி வந்துவிட்டானாம். மேலே ஏறி நின்று, "ஏணியைப் பிடிச்சுக்கிட்டு அதை எடுத்துக் குடு," என்றான்.

திண்ணையில் துணியால் மூடி வைத்திருந்தான். எடுத்தேன். பளபளவென்று புதுச் சிவப்பு. பெயிண்ட் வாசனைகூடப் போகவில்லை. ஒரு கையை அடியில் கொடுத்துத் தூக்கியபோது உள்ளங்கையில் ஒரு புடைப்பு தட்டியது. பெயிண்டுக்கு அடியில், சரியாக நடுவில் இல்லாமல் கொஞ்சம் தள்ளி, கட்டைவிரல் நகம் அளவுக்கு. அப்பா ஈயம் வைத்து அடைத்த இடம். இருபத்தைந்து ஈஸ்டருக்குச் சாம்பல் போட்டுத் துலக்கிய கை இது. கண்ணைக் கட்டிவிட்டுக் கொடுத்தாலும் சொல்லும். ஒரு பானையைக்கூடக் கழுவியறியாத என் அண்ணனுக்கு, பெயிண்ட் அடித்தால் போதும் என்று தோன்றியிருக்கிறது.

ஏணியின் காலை என் காலால் அணைத்துக்கொண்டேன். அவன் மேலே நின்று கையை நீட்டிக்கொண்டிருந்தான்.

"குடு, நஸ்தா."

"லாரி ஏறின பானையா இது?"

அவன் கை அப்படியே நின்றது. "சந்தையில..." என்று ஆரம்பித்தான்.

"அப்பா ஈயம் வெச்ச இடம் கையில தட்டுது. சந்தையில அதையும் வெச்சா விக்கிறான்?"

இறங்கப் பார்த்தான். ஏணியைக் கொஞ்சம் ஆட்டினேன். கிளையைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டான். அந்த நிலையில் அவன் சொன்னதை எல்லாம் சொல்கிறேன். ஈஸ்டருக்கு லிவியு அவனுக்கு ஒரு கடிதம் போட்டிருந்தார். புல்லறுப்புக்கு வருகிறேன், உச்சியில் பானை இன்னும் இருந்தால் உங்கள் தங்கையைப் பற்றி உங்களிடம் பேச வேண்டும் என்று முறையாக எழுதியிருந்தார். கடிதத்தை அண்ணன் அன்றிலிருந்து சட்டைப் பையிலேயே வைத்துச் சுற்றியிருக்கிறான். காற்று அடித்த அன்று விடியற்காலையில் ஏறி, விழாத பானையைத் தன் கையால் இறக்கி, தன் பழைய சட்டையில் சுற்றிப் பரணில் வைத்திருக்கிறான். போன் எதுவும் பண்ணவில்லை.

"ஏன்?" என்று கேட்டேன்.

"நீ போயிட்டா இந்த வீட்டை யாரு பாப்பா? இல்காவுக்கு ஒரு சூப் வெக்க வருமா? மூணு ரூம், வர்ற சனம்..." என்றவன் குரலை மாற்றிக்கொண்டு, "அங்க ஒரு மேடுகூட கிடையாது நஸ்தா. நீ அங்க எப்படி இருப்ப? உன் நல்லதுக்குத்தான்," என்றான்.

இல்கா பச்சைத் துணியைத் தலையில் கட்டிக்கொண்டு கதவோரம் நின்றிருந்தாள். "நான் அப்பவே வேணாம்னு சொன்னேன்," என்றாள். வேண்டாம் என்று சொன்னவள் துணியை வேண்டாம் என்று சொல்லவில்லை.

"உடைச்சிருந்தாக்கூட மன்னிச்சிருப்பேன்," என்றேன். "கோவத்துல செஞ்சேன், புத்தி கெட்டுப் போச்சுன்னு நெனச்சிருப்பேன். நீ பத்திரமா சுத்தி வெச்சிருக்க. அவர் போனதும் மறுபடி மாட்டலாம்னு வெச்சிருக்க. என்னை முதுகுல தூக்கிட்டுப் போனியே, அதையும் இதுக்குத்தான் செஞ்சியா?"

அவன் அழுதான். ஏணி உச்சியில் நின்று ஐம்பது வயது ஆண் அழுவதை முதல் தடவையாகப் பார்த்தேன். எனக்கு இரக்கம் வரவில்லை. கடிதத்தைக் கேட்டேன். ஒரு கையால் கிளையைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கீழே போட்டான். அப்புறம்தான் ஏணியை விட்டேன்.

கடிதத்தை வாசலிலேயே நின்று படித்தேன். அழகான கையெழுத்து. நடுவில் ஒரு வரி: "உங்கள் தங்கையின் மனம் எனக்குத் தெரியாது." அதைப் படித்ததும் இன்னொரு கோபம் வந்தது. என் மனம் தெரியாதாம். தெரிந்துகொள்ள மரத்தைக் கேட்டார், அண்ணனைக் கேட்டார். எட்டடி தள்ளி சூப் ஊற்றிக்கொண்டிருந்த என்னைக் கேட்கவில்லை. காளான் இடத்தையே காட்டினவளிடம் கேட்பதற்கு என்ன?

க்ளுஷ்காரர்கள் மத்தியானம் வந்தார்கள். நான் முகம் கழுவி, பூவேலைச் சட்டையைப் போட்டுக்கொண்டு கூடத்துக்கு வந்து பதிவு நோட்டைத் திறந்தேன். இரண்டாம் நம்பர் அறைக்கு நேரே என் பெயரை எழுதினேன். மூன்று நாள். எங்கிருந்து வருகிறீர்கள் என்ற இடத்தில் இதே ஊரின் பெயரை எழுதினேன். பிறகு விருந்தாளிகளோடு மேசையில் உட்கார்ந்து, "எனக்கு ஒரு காபி," என்றேன். அண்ணன் என்னையும் அவர்களையும் மாறி மாறிப் பார்த்தான். வந்தவர்கள் முன்னால் என்ன சொல்வான்? காபியைக் கொண்டுவந்து வைத்தான். சர்க்கரை போட மறந்துவிட்டான், திருப்பி அனுப்பினேன்.

மூன்று நாளும் அப்படித்தான். இல்கா பீன்ஸைத் தீய்த்தாள், களியைக் கட்டி தட்ட வைத்தாள். எட்டுப் பேரும் முகத்தைச் சுளித்துக்கொண்டு சாப்பிட்டார்கள், நானும் சாப்பிட்டேன். பகலில் அவர்கள் நடக்கப் போன பாதையில் எல்லாம் நானும் நடந்தேன். என் ஊரின் மேல் மேட்டில் இருக்கிற பெஞ்சில் நான் ஒரு நாள்கூடச் சும்மா உட்கார்ந்ததில்லை என்று அப்போதுதான் தெரிந்தது. அங்கிருந்து எங்கள் வீடு தீப்பெட்டி அளவில் தெரிந்தது. ஊர் பார்க்க வருகிறவர்கள் ஏன் இவ்வளவு பெருமூச்சு விடுகிறார்கள் என்று கொஞ்சம் புரிந்தது. மறுநாள் காலையில் அவர்களுக்கு யாராவது ரொட்டி கொண்டு வந்து வைப்பார்கள், அதனால்தான்.

அந்தப் பெஞ்சில் உட்கார்ந்துதான் லிவியுவுக்குப் போன் பண்ணினேன். எண் கடிதத்திலேயே இருந்தது. முதல் மணியிலேயே எடுத்தார். யாருடைய போனும் வரவில்லை என்றார். யாரையும் பார்த்து வைக்கவும் இல்லை. நடந்ததைச் சொன்னேன்.

"பானை இறங்கிட்டா வாயே தொறக்கக் கூடாதுன்னு அம்மா சொல்லியிருக்காங்க," என்றார்.

"மரத்துக்கு வாய் இல்ல. எனக்கு இருந்துச்சே."

"இன்னைக்கே கிளம்பி வரட்டுமா?"

வேண்டாம் என்றேன். அந்த வீட்டுக்கு வரவேண்டாம், அந்த மரத்தைப் பார்க்கவேண்டாம். சிகெத்தில் என்னோடு படித்த ஒருத்தி ரொட்டிக்கடை வைத்திருக்கிறாள், ஆள் தேடுகிறாள், அங்கே போகிறேன் என்றேன். என்னிடம் கேட்க ஏதாவது இருந்தால் அங்கே வந்து என் முகத்தைப் பார்த்துக் கேளுங்கள், நான் சரி என்பேனா என்று இப்போது எனக்கே தெரியாது என்றும் சொன்னேன். அது உண்மை. ஒரு வருஷமாக அவருக்கென்று மனதில் வைத்திருந்ததில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. அண்ணனுக்கென்று வைத்திருந்தது போன இடத்தில் இதுவும் கொஞ்சம் போயிருந்தது.

நான்காம் நாள் காலை பஸ். துணிகளை ஒரு பெட்டியில் அடுக்கினேன். பானையைக் கையில் எடுத்துக்கொண்டேன். பெண் அதை இறக்கக் கூடாது என்பார்கள், நான் இறக்கவில்லை, மறுபடி ஏற விடவில்லை. போவதற்கு முன்பு விருந்தாளிகள் நோட்டில் லிவியு எழுதியதற்குக் கீழே, "இறக்கியது என் அண்ணன்," என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். சீஸ் பிரமாதம் என்று எழுதுகிறவர்கள் அதையும் படித்துவிட்டு எழுதட்டும்.

அண்ணன் என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் வரைக்கும் வந்தான். தூக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, விருந்தாளிகளுக்கு அவன் எப்போதும் செய்வதுதானே. வாசலைத் தாண்டும்போது லிவியு எண்ணெய் போட்ட கதவு சத்தமே இல்லாமல் திறந்தது. டிரைவர் பானையைப் பார்த்துவிட்டு, சந்தைக்கா என்று கேட்டார். இல்லை என்றேன். ஜன்னலோரம் உட்கார்ந்து பானையை மடியில் வைத்துக்கொண்டேன். அண்ணன் கீழே நின்று ஜன்னலைப் பிடித்துக்கொண்டிருந்தான். கண் வீங்கியிருந்தது, நகக்கண்ணில் சிவப்பு இன்னும் போகவில்லை.

"எப்ப வருவ, நஸ்தா?" என்று கேட்டான்.

பஸ் கிளம்பியது. அவன் கை ஜன்னலை விட்டது.

"அடுத்த வருஷம் கண்டிப்பா வருவேன்," என்றேன், கொஞ்சமும் கூசாமல்.